தே கோசோங்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றவர் செய்ததை மட்டும் சொன்னால் நியாயமாக இருக்காது.

கலோரி எழுதத் தொடங்கிய முதல் மாதம், என் நோட்டுப் புத்தகத்தில் தினமும் காலையில் ஒரே வரிதான் இருக்கும். 'ரொட்டி கோசோங் ஒன்று, தே கோசோங் ஒன்று.' எதிரே பெரிதாக ஒரு முட்டை. எங்கள் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி தெலோர் கேட்டால் முட்டை போட்டுத் தருவோம். ரொட்டி கோசோங் கேட்டால் உள்ளே ஒன்றும் வைக்காமல் வெறும் ரொட்டியாகத் தருவோம். தே கோசோங் என்றால் சீனி போடாத பால் தேநீர். போன் நம்பர் சொல்லும்போதுகூட பூஜ்யத்தை இங்கே எல்லோரும் கோசோங் என்றுதான் சொல்கிறோம். ஒன்றுமில்லாததற்கு என்ன கணக்கு என்று நானும் பூஜ்யம் போட்டுவிட்டேன். முட்டையில்லாத ரொட்டிக்கு நோட்டில் முட்டை போட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அலோர் ஸ்டார் மருத்துவமனையில் எனக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அன்பரசி, அந்தப் பக்கத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

"அக்கா, ரொட்டி கோசோங்ல முந்நூறு இருக்கு. மாவு, மார்ஜரின், எண்ணெய் எல்லாம் காத்துலயா போச்சு? தே கோசோங்ல சீனிதான் இல்ல, பால் இருக்குல்ல? அதுக்கு ஒரு எழுபது போடுங்க."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் அய்யூப்தான் எங்கள் இருவரையும்விட அதிகமாகச் சிரித்தார். சுங்கைப் பட்டாணிக்குக் காரில் திரும்பும்போது குருண் தாண்டும்வரை அவருக்கு அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. "இருபத்திரண்டு வருஷமா கல்லாவுல உக்காந்து ரொட்டி கோசோங் வித்தவ, அதுல ஒண்ணுமே இல்லன்னு நெனச்சிருக்கா பாரு!" அவர் சிரித்தால் எனக்குப் பிடிக்கும். அப்போது பிடித்தது.

எதற்கு இந்தக் கணக்கு? என் தம்பி இர்வானுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. முப்பத்தெட்டு வயதுதான் ஆகிறது. அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் வீடு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். உம்மாவும் வாப்பாவும் இல்லை, கூடப் பிறந்தது நான் ஒருத்திதான். பரிசோதனையெல்லாம் செய்து பார்த்துவிட்டு என் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்றார்கள். என் ரத்தம் சரி, இதயம் சரி, இனிப்பு நீர் நோயும் இல்லை. எடைதான் இடித்தது. எண்பத்து மூன்று கிலோ. "எழுபத்தைந்துக்கு வாங்க, அப்புறம் தேதி பேசலாம்" என்றார் டாக்டர். என் தம்பியின் உயிருக்கும் எனக்கும் நடுவில் எட்டுக் கிலோ சதை நின்றது.

அய்யூப்புக்கு இந்த எண்ணிக்கையே பிடிக்கவில்லை. "சாப்பாட்ட எண்ணினா பரக்கத் போயிடும்" என்றார். எங்கள் வீடுகளில் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. இறைவன் தந்ததை அளந்து பார்த்தால் அந்த நிறைவு போய்விடுமாம். அரிசிப் பானையில் எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்த்தால் என் உம்மா தலையில் ஒரு குட்டு வைப்பார்.

"ஆண்டவன் எனக்கு எட்டுக் கிலோ பரக்கத்த கூடுதலா குடுத்துட்டான் மச்சான். அதுல கொஞ்சம் போகட்டும்" என்றேன்.

இரண்டாவது மாதம் நானே சமைத்தேன். சமையலறைக்கு ஒரு சின்னத் தராசு வாங்கினேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து முந்நூறு, அதற்குமேல் ஒரு பருக்கை இல்லை. எண்ண ஆரம்பித்த பிறகுதான் என் வாயின் வண்டவாளம் எனக்கே தெரிந்தது. உப்புப் பார்க்கிறேன் என்று குடிக்கும் நாலு கரண்டி குழம்பு, கல்லாவில் உட்கார்ந்தபடியே கொறிக்கும் முறுக்கு, வீணாகப் போகிறதே என்று கடைசியாக வாயில் போடும் பொரித்த கோழித்தோல். இதையெல்லாம் நான் சாப்பாடு என்றே நினைத்ததில்லை. எழுத வேண்டுமே என்ற வெட்கத்திலேயே கை நின்றது. மாதக் கடைசியில் எண்பத்தொன்று புள்ளி இரண்டு. அன்பரசி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அன்று அய்யூப் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனிக்கவுமில்லை. மறுநாள் அவராகவே சொன்னார்:

"ஒரு பக்கம் கல்லா, ஒரு பக்கம் அடுப்புன்னு அல்லாடாத ஜரீனா. சமையல் என் தொழில். நீ கிராம் மட்டும் சொல்லு, நான் செஞ்சு தரேன்."

நான் அழுதேவிட்டேன். எத்தனை பேருக்கு வாய்க்கும்? நூறு பேருக்குச் சமைத்துக் களைத்த மனிதர், எனக்கென்று தனி அடுப்பில் பருப்பு வேகவைத்தார், மீன் சுட்டார், சப்பாத்தி போட்டார். டப்பா மூடியில் தன் கையால் துண்டுச் சீட்டு எழுதி ஒட்டுவார். 'சப்பாத்தி 2, 80 கிராம். பருப்பு 120. மீன் 100.' காலையும் மாலையும் கொழுப்பு நீக்கிய பாலில் தே கோசோங். ராத்திரிக்கு அதே பாலில் ஓட்ஸ் கஞ்சி. சீட்டில் உள்ளதை நான் அப்படியே நோட்டில் ஏற்றுவேன். ஒரு நாள்கூட அவர் எழுதியதை நான் தராசில் வைத்துப் பார்த்ததில்லை. வைத்திருந்தாலும் கிராம் சரியாகத்தான் இருந்திருக்கும். அவர் அந்த அளவுக்குக் கெட்டிக்காரர்.

மூன்றாம் மாதம் எண்பத்தொன்று புள்ளி ஒன்பது. நாலாம் மாதம் எண்பத்திரண்டு புள்ளி மூன்று. ஐந்தாம் மாதம் எண்பத்திரண்டு புள்ளி ஆறு.

அன்பரசி நோட்டை மூடி வைத்தாள். இந்த முறை சிரிப்பில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா. இதுல இருக்கறதுதான் நீங்க சாப்பிடறதுன்னா, இந்நேரம் எழுபத்தஞ்சு பக்கத்துல வந்திருக்கணும். ஒண்ணு, எழுதாம சாப்பிடறீங்க. இல்லன்னா, எழுதினது ஒண்ணு, தட்டுல இருக்கறது ஒண்ணு."

"அல்லாமேல ஆணை, ஒரு கடலமிட்டாய்கூட எழுதாம தின்னதில்லம்மா" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

அப்போது அய்யூப் பெருமூச்சு விட்டார். "அவளத் திட்டாதீங்க. சின்ன வயசுலேருந்தே வாய் சும்மா இருக்காது. நாள் முழுக்க சாப்பாட்டுக் கடையில உக்காந்திருக்கா, கை போகத்தானே செய்யும் லா?"

சொல்லிக்கொண்டே என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். அன்பரசி எனக்குப் புரியாத ஏதோ ஒன்றை ஃபைலில் எழுதினாள். என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து போய்ச் சாப்பிடுகிறேனோ என்றுகூட நினைத்தேன். மனிதனைப் பைத்தியமாக்க எவ்வளவு குறைவாகப் பேசினால் போதும் பாருங்கள்.

அன்றைக்கு அப்படியே மெர்கோங்கிற்குத் தம்பியைப் பார்க்கப் போனோம். அய்யூப் அசர் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். தம்பி மனைவி ஹனான் ஒரு டம்ளர் தண்ணீரை என் முன் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இர்வான் கையில் ஊசி ஏறும் இடம் கயிறு சுற்றியதுபோல் தடித்திருந்தது. நான் வழக்கம்போல நோட்டை எடுத்தேன்.

"லாத்தா" என்றான். அக்கா என்பதற்கு எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லும் அதே சொல்தான். ஆனால் அன்றைக்கு வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. "குடுக்க இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா மாசா மாசம் இந்த நோட்ட தூக்கிட்டு வந்து காட்ட வேணாம் லா."

நான் ஏன் அங்கேயே கத்தவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். காரில் அய்யூப் "என்ன சொன்னான்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவர் மக்காவுக்கு உம்ரா போனார். ஒரு வருடத்துக்கு முன்பே பதிந்து வைத்த பயணம். பன்னிரண்டு நாள். "கஅபா முன்னால நின்னு இர்வானுக்கு துஆ கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

அந்தப் பன்னிரண்டு நாளும் நானே சமைத்தேன். அவர் எழுதி வைத்த அதே சீட்டு, அதே கிராம். சப்பாத்தி இரண்டு, பருப்பு நூற்றிருபது, மீன் நூறு. புதிதாக ஒன்றும் செய்யவில்லை. பன்னிரண்டாம் நாள் தராசில் ஏறினேன். எண்பது புள்ளி ஏழு. இறங்கி மறுபடி ஏறினேன். அதே எண்பது புள்ளி ஏழு.

அவர் ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டு வந்தார். ஒரு பழத்துக்கு இருபது போட்டு மூன்று சாப்பிட்டேன், அறுபது எழுதினேன். மறுநாளிலிருந்து டப்பாவும் சீட்டும் பழையபடி வந்தன. ஒன்பதாம் நாள் எண்பத்தொன்று புள்ளி ஆறு.

நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். இடது பக்கம் 'மச்சான் இல்லாத நாள்', வலது பக்கம் 'மச்சான் இருக்கிற நாள்'. இரண்டிலும் சாப்பாடு ஒன்று, கலோரி ஒன்று. எடை மட்டும் ஒரு பக்கம் இறங்குகிறது, மறுபக்கம் ஏறுகிறது. எழுதினது ஒன்று, தட்டில் இருப்பது ஒன்று என்று அன்பரசி சொன்னது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பக்கத்தை யாரும் பார்க்காமல் மடித்து வைத்துவிட்டு, என்னை நானே திட்டிக்கொண்டேன். உம்ரா முடித்து வந்த மனுஷனைச் சந்தேகப்படுகிறாயே, உருப்படுவாயா என்று.

இரண்டு நாள் கழித்து அவர் பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருந்தபோது, கடைச் சமையலறையில் எனக்கான பால் புட்டியை எடுத்து, அதிலிருந்த பாலை நானே அடுப்பில் வைத்தேன். கொழுப்பு நீக்கிய பால் என்று வெளியே எழுதியிருக்கும் அதே புட்டி. இறக்கி ஆறவிட்டேன். மேலே ஆடை படிந்தது. சாதாரண ஆடையா அது? கரண்டியால் தூக்கினால் துணிபோல மடங்கி வந்தது. பக்கத்து மினி மார்க்கெட்டுக்கு ஓடிப் போய் அதே பாலில் புதுப் புட்டி ஒன்று வாங்கி வந்து காய்ச்சினேன். இதில் ஊதினால் கலையும் ஒரு மெல்லிய படலம்தான். அன்றைய சப்பாத்தியை எடுத்து ஒரு டிஷ்யூவில் வைத்து அழுத்தினேன். நெய் வட்டமாக ஊறி மறுபக்கம் தெரிந்தது. மேலே தடவிய நெய்யல்ல, மாவிலேயே பிசைந்தது. தடவியிருந்தால் என் விரலுக்குத் தெரிந்திருக்கும். வாய்க்கும் தெரியாமல் செய்ய ஒரு நல்ல சமையல்காரனால்தான் முடியும்.

மறுநாள் சுபுஹ் தொழுகை முடிந்து அவர் சமையலறைக்குப் போனதும், பின்கதவருகே போய் நின்றேன். அவர் முழுக் கொழுப்புப் பால் பாக்கெட்டை வெட்டி, புனல் வைத்து, என் புட்டியில் ஊற்றினார். பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் ஊற்றினார்.

"மச்சான்" என்றேன்.

திரும்பினார். புனல் கையிலேயே இருந்தது. பொய் சொல்ல முயற்சிகூடச் செய்யவில்லை.

"எத்தன நாளா?"

"நீ எண்பத்தொண்ணுக்கு எறங்கினப்பலேருந்து." ஸ்டூலில் உட்கார்ந்தார். "பயந்துட்டேன் ஜரீனா. நீ சும்மா வாயால சொல்றேன்னு நெனச்சேன். தராசு எறங்கினதும்தான் நீ நெஜமாவே போகப் போறன்னு தெரிஞ்சுது. உன்ன கிழிச்சு ஒண்ண எடுத்துட்டு, நாளைக்கு மிச்சம் இருக்கறதும் கெட்டா நான் என்ன செய்வேன்?"

"வேணாம்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. சண்ட போட்டிருக்கலாமே."

"உன் தம்பி முகத்துக்கு நேரா நான் எப்படி வேணாம்னு சொல்றது? நீயும் காலம் பூரா என்ன மன்னிக்க மாட்ட. எட சொல்லட்டும்னு விட்டேன். எட வேணாம்னு சொன்னா யாருக்கும் யார்மேலயும் கோவமில்ல லா."

யாருக்கும் யார்மேலும் கோபமில்லையாம்.

"அந்தப் பொண்ணு என்ன பொய்க்காரின்னு சொன்னப்போ பக்கத்துல உக்காந்திருந்தீங்களே. வாய் சும்மா இருக்காதுன்னு நீங்களே சொன்னீங்களே. முழங்கால தட்டிக் குடுத்தீங்களே, மச்சான்."

கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பால் புனலிலிருந்து அவர் கட்டியிருந்த சாரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு புட்டிகளையும் டிஷ்யூவையும் நோட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி மெர்கோங்கிற்குப் போனேன்.

இர்வானின் முன்னால் எல்லாவற்றையும் பரப்பி வைத்தேன். கோடு போட்ட பக்கத்தை அவன் வெகுநேரம் பார்த்தான். கதவருகே நின்ற ஹனான் உட்கார்ந்துவிட்டாள்.

"மச்சான் மூணு மாசத்துக்கு முன்னாடி இங்க வந்தாரு லாத்தா" என்றான் கடைசியில். "உங்களுக்கு உள்ளுக்குள்ள பயம், வெளிய சொல்ல முடியாம சாப்பிட்டு சாப்பிட்டு எடய ஏத்திக்கறீங்கன்னு சொன்னாரு. நானா வேணாம்னு சொல்லிட்டா உங்களுக்கு நிம்மதின்னாரு. நான் நம்பிட்டேன்."

கணவர் செய்தது ஒரு அடி. இவன் நம்பியது இன்னொரு அடி. எது அதிகம் வலித்தது என்று கேட்டால் இரண்டாவதுதான் என்பேன். அவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது பாடாங் மைதானத்தில் விழுந்து கால் உடைத்துக்கொண்டதும், அவனை ஆஸ்பத்திரி வரை முதுகில் தூக்கிக்கொண்டு போனவள் நான். மாதா மாதம் நோட்டோடு வந்து நின்ற என்னை அவன் மூன்று மாதமாக நடிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"நம்புனியா?" என்று மட்டும் கேட்டேன். அவன் அழுதான். நான் அழவில்லை. எழுந்து போய் ஹனானின் சமையலறையில் தராசை எங்கே வைக்கலாம் என்று இடம் பார்த்தேன்.

பதினோரு வாரம் அங்கேயே இருந்தேன். சோற்றை நானே வைத்தேன், பாலை நானே வாங்கினேன், மூடியை நானே திறந்தேன். வேறொருவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஹனான் பாவம், ஆரம்பத்தில் வருத்தப்பட்டாள், பிறகு பழகிக்கொண்டாள். அய்யூப் வாரம் ஒரு முறை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போவார். உறவுக்காரர்கள் போன் செய்து அவருக்காகப் பேசினார்கள். உன்மேல் உள்ள பிரியத்தில்தானே செய்தான், விஷமா வைத்தான், நெய்தானே வைத்தான் என்றார்கள். எனக்குத் தெரியாதா அது? தெரிந்துதான் எரிகிறது. விஷம் வைத்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். பரக்கத் போனது நான் எண்ணியதால் அல்ல என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போனை வைப்பேன்.

நேற்று அன்பரசியின் தராசில் ஏறினேன். எழுபத்து நாலு புள்ளி எட்டு. அவள் எண்ணை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு என் நோட்டைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க அக்கா. நீங்க எழுதினதுல ஒரு எழுத்துகூட பொய்யில்ல."

இர்வான் டாக்டரிடம் தேதி பேச உள்ளே போனான். நான் வெளியே வந்தேன். கார் நிறுத்தும் இடத்தில் அய்யூப் நின்றுகொண்டிருந்தார். மெலிந்திருந்தார். கையில் எங்கள் கடை ஃபிளாஸ்க்.

"எழுபத்தஞ்சுக்குக் கீழ வந்துட்டியா?"

தலையாட்டினேன். அவர் கண்கள் கலங்கின. ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"தே கோசோங். கொழுப்பில்லாத பால்தான். உன் தம்பி மேல சத்தியமா. குடி."

இருபத்திரண்டு வருடம் இந்தக் கை நீட்டிய தேநீரை நான் பார்க்காமலே வாங்கிக் குடித்திருக்கிறேன். வாங்கிக்கொண்டேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு ஆறுவதற்குக் காத்திருந்தேன். நான் எதற்குக் காத்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தேநீர் ஆறியது. குனிந்து பார்த்தேன். மேலே மெல்லிய படலம்தான், ஊதினால் கலைந்துவிடும். அவர் சொன்னது உண்மைதான்.

மூடியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.